ஏழாம் லைனில் விழுந்த வெயில்

கடைசிக் கூரையை ஒட்டி முடித்த மறுநாள் காலை, ஒன்பதாம் நம்பர் வீட்டின் பின்சுவரில், கொடியில் துணி காயப்போடும் ஒரு பெண்ணின் நிழல் விழுந்தது. அரைவிரல் நீளம் இருந்தது நிழல். அதற்குரிய பெண் அங்கே இல்லை. பிலோமினா தான் சின்னதாகச் செய்த அந்த வீட்டு மாதிரியில் ஒரு மனித உருவத்தைக்கூட வைத்திருக்கவில்லை, வைக்கக் கூடாது என்று விசாரணை ஆணையத்தின் எழுத்தர் நவநீதன் முதல் நாளே சொல்லியிருந்தார். நிழல் குனிந்தது, வாளியிலிருந்து எதையோ எடுத்து உதறியது, எம்பிக் கொடியில் போட்டது, மறுபடி குனிந்தது. பிலோமினா கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, அது வேலையை முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொட்டகை வாசலுக்குப் போய், வெளியே கல்லில் உட்கார்ந்திருந்த ராக்கம்மாளிடம், "அக்கா, ஒன்பதாம் நம்பர்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"செபமாலை வீடு. ஏம்மா?"

"யாரோ துணி காயப்போடுறாங்க. வந்து பாருங்க."

ராக்கம்மாள் வந்து இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தாள். "ரோஸ்லின்தான். ஒவ்வொரு துணியையும் மூணு தடவ உதறுவா. உதறி உதறியே கிழிச்சிடுவான்னு நான்கூடச் சொல்லுவேன்" என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில், மற்றவர்களைக் கூட்டிவரப் போனாள்.

ஊசிமட்டம் எஸ்டேட்டின் ஏழாம் லைன் என்பது ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட பதினான்கு வீடுகள். ஐப்பசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு, மேலேயிருந்த மலை இறங்கி வந்து பதினான்கையும் மூடியது. முப்பத்தேழு பேர் போனார்கள். தோண்டி எடுத்த பிறகு அங்கே வீடுகள் இருந்தன என்பதற்கே அடையாளம் இல்லை. விசாரிக்க வந்த நீதிபதியிடம் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டி இங்கேதான் குழாய், இங்கேதான் என் வாசல் என்று சொல்ல, அவர் தலை சுற்றிப்போய், அந்த லைன் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு மாதிரி செய்து கொண்டுவரச் சொன்னார். அதற்காகத்தான் கோயம்புத்தூரில் கட்டட முதலாளிகளுக்கு மாதிரிகள் செய்துகொடுக்கும் பிலோமினா, நாற்பத்தாறு வயதுக்காரி, தை மாதக் குளிரில் இரண்டு பெட்டிகளோடு மலையேறி வந்தாள். இலை எடை போடும் பழைய கொட்டகையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

ஐம்பதடியை ஓரடியாக்கி அவள் அந்த லைனைக் கட்டினாள். சுவருக்குச் சன்போர்டு என்கிற நுரைப்பலகை, கூரைத் தகரத்துக்குச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், அதில் வரிகள் விழச் சீப்பு, துரு ஏற்றக் காவிப்பொடி, மண்ணுக்குக் காய்ச்சி இறக்கிக் காயவைத்த தேயிலைச் சக்கை. பிழைத்தவர்கள் தினமும் வந்து உட்கார்ந்து, மூன்றாம் நம்பர் கதவில் கீழ்ப்பலகை கிடையாது, நாய் போய்வரட்டும் என்று எடுத்துவிட்டார்கள் என்றும், பதினோராம் நம்பரில் கூரை ஒழுகி நீலத் தார்ப்பாய் போட்டு நான்கு கல் வைத்திருந்தது, மூன்றல்ல, நான்கு என்றும் சொல்லச் சொல்ல, அவள் நீலப் பையில் துண்டு வெட்டி, நான்கு மணல் பருக்கைகளைக் கல்லாக வைத்து ஒட்டினாள். பதினாலு நாளில் லைன் எழுந்தது. பதினைந்தாம் நாள் ரோஸ்லின் துணி காயப்போட்டாள்.

அன்று மாலைக்குள் பதினான்கு வீட்டுக்கும் நிழல்கள் வந்துவிட்டன. குழாயடியில் குடங்களின் நிழல் வரிசையாக நின்றது, நாயின் நிழல் மூன்றாம் நம்பர் கதவுக்கடியில் நுழைந்து வெளியேறியது, குழந்தைகளின் நிழல்கள் ஒன்றையொன்று துரத்தின. கொட்டகையின் ஒரே ஜன்னல் வடக்கே பார்த்தது, அதில் வெயிலே விழாது. ஆனாலும் மாதிரியின்மேல் மட்டும் காலையில் கிழக்கு வெயிலும் பிற்பகலில் மேற்கு வெயிலும் அடித்தது. மூன்றாம் நாள் எட்டாம் நம்பர் வாசலில் பந்தலின் நிழல் விழுந்தபோது, அது சகாயமேரி வயசுக்கு வந்த சடங்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தேதியை வைத்து ராக்கம்மாள் விரல்விட்டு எண்ணினாள். போன ஐப்பசியின் வழியே நாளுக்கு ஒரு நாளாக அந்த லைன் முன்னே போய்க்கொண்டிருந்தது. "இன்னும் இருபது நாள் இருக்கு" என்று அவள் சொன்னபோது, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

முதல் வாரம் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். இது கோயில் இல்லை, நம்ம வீடு என்று ராக்கம்மாள் சத்தம் போட்ட பிறகு செருப்போடு வந்தார்கள். விளக்குக்கு முன்னால் நின்றால் தங்கள் நிழல் மாதிரியின்மேல் விழுந்து மறைக்கிறது என்பதால் அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அதை மீறிய மாரிதாசை, பிழைத்தவர்களில் அவனும் ஒருவன், மூன்று பேர் சேர்ந்து திட்டினார்கள். அரிசியில் கல் பொறுக்கும் வேலை, ஸ்வெட்டர் பின்னும் வேலை எல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டன. பக்கத்து ஊர் மாதாகோயில் சாமியார் வந்து பார்த்துவிட்டு இது ஆத்துமாக்கள் சம்பந்தப்பட்டதல்ல என்றார், மாரியம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்துவிட்டு இது வெளிச்சம் சம்பந்தப்பட்டது, கரண்டு ஆபீசில் கேளுங்கள் என்றார். எழுத்தர் நவநீதன் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடிக்கச் சொல்லி, அடித்த பிறகும் நிழல்கள் விழுவதைப் பார்த்து, நிழல்களும் சாட்சியப் பொருளில் சேருமா என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

இறந்தவர்களின் நிழல் மட்டுமல்ல, பிழைத்தவர்களின் நிழலும் அங்கே இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. மண்ணுக்குள் போன மாரிதாசின் மனைவி தினமும் இரண்டு மணிக்குப் பின்வாசல் படியில் தனியாக வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு எழுந்து போவதை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். பதினெட்டு வருஷம் அவளோடு குடித்தனம் பண்ணியவனுக்கு அது தெரியாது. என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அவன் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டான். ராக்கம்மாளோ, தன் நிழல் கையை ஓங்கி மகள் தெய்வானையின் நிழலை அடிக்கப் போவதையும், மகள் ஓடிப் போய்க் குழாயடியில் நிற்பதையும் பார்த்தாள். "எதுக்கு அடிக்கப் போனேன்னே ஞாபகம் வரலியே" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செபமாலை மட்டும் வரவில்லை. லைனுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. அவர் வார்த்தைக்கு லைனில் மதிப்பு உண்டு. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர், பார்க்கத் தாங்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். பிலோமினாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளுக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. வந்த முதல் நாள், மண் மூடிய சரிவின் அடியில் நின்று மேலே பார்த்தபோது, மலையை வெட்டிக் கட்டிய மூன்று மாடிச் சொகுசு விடுதி தெரிந்தது. அதை அவளுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் அந்த விடுதியின் மாதிரியை அவள்தான் செய்தாள். வரைபடத்தில் விடுதிக்குக் கீழே நீளமாக ஒரு கட்டடம் இருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். "லைன் வீடுங்க மேடம், பார்க்க நல்லா இருக்காது. அந்த இடத்துல மரம் வச்சிருங்க" என்றார்கள் விடுதிக்காரர்கள். அவள் வைத்தாள். அந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் அனுமதி கொடுக்கிறவர்களுக்குக் காட்டினார்கள் என்பது பிற்பாடு அவள் காதில் விழுந்தது. விழுந்ததை அவள் அப்படியே விட்டுவிட்டாள். இந்த வேலையை ஒப்புக்கொண்டபோது அது எந்த எஸ்டேட் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை.

இருபதில் பதினாறு நாள் கழிந்தது. பதினேழாம் நாள் காலையில் மாதிரியின்மேல் வெயில் வரவில்லை. கொட்டகைக்கு வெளியே வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, பனிகூட இல்லை. உள்ளே லைன் வீடுகள் மட்டும் மங்கி, ஒரு நிழலும் இல்லாமல் கிடந்தன. மழை பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் விடவில்லை, வெள்ளிக்கிழமையே எல்லாரையும் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் தங்க வைத்தார்கள், ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வெயில் வந்தது, வந்ததும் வீட்டுக்குத் திரும்பினார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. இனி ஞாயிறு மதியம்தான் நிழல் வரும் என்று தெரிந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கொட்டகை காலியாக இருந்த அந்த மத்தியானம்தான் செபமாலை வந்தார். மாதிரியைப் பார்க்காமல் பிலோமினாவை மட்டும் பார்த்தார்.

"இத ஒடச்சிருங்கம்மா."

"ஏண்ணே?"

"ஞாயித்துக்கிழமை வரக் கூடாது. அதுக்குள்ள ஒடச்சிருங்க. தவறிக் கீழ விழுந்திருச்சுன்னு சொல்லுங்க."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. "எல்லாரும் தானாத் திரும்பி வந்தாங்கன்னுதான் விசாரணையில எழுதியிருக்காங்க. தானா வரல. நான் முதல்ல மேல போயிப் பார்த்தேன். மண்ணு கெட்டியா இருந்துச்சு, வெயில் சுள்ளுன்னு அடிச்சுச்சு. லைன் முனையில நின்னு, கீழ பள்ளிக்கூடத்தப் பார்த்துக் கையக் காட்டினேன். வாங்கன்னு. அப்புறம் தண்ணி திறக்கத் தொட்டிக்குப் போயிட்டேன். அதனாலதான் நான் இருக்கேன்." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "என் கை அந்த மண்ணுல விழும். எல்லாரும் பார்ப்பாங்க."

பிலோமினா கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்து, வரைபடத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிவரை எல்லாவற்றையும் சொன்னாள். செபமாலை கேட்டு முடித்து, அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்க வீடு இருந்த இடத்துல என்ன மரம் வச்சீங்க?"

"சில்வர் ஓக்கு."

"அது இந்த மண்ணுக்கு நல்லா வரும்" என்றார் அவர். பிறகு எழுந்து போய்விட்டார். அவள் மாதிரியை உடைக்கவில்லை, உடைக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை அவள் தான் மரம் வைத்த கதையை ராக்கம்மாளிடமும் மற்றவர்களிடமும் சொன்னாள். சொன்னவுடன் மாரிதாஸ் கையிலிருந்த டீக் கிளாசை எறிய ஓங்கி, எறியாமல், வெளியே போய் நின்றான். இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். ராக்கம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்னக் கூப்பிட்டு வச்சு என் வீட்டுக்கு எத்தன ஜன்னல், எந்தப் பக்கம் அடுப்புன்னு ஒண்ணு விடாமச் சொன்னேனே. அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும் அக்கா."

"எதுக்கு இங்கயே இருந்த? பாவத்தக் கழிக்கவா?"

"தெரியல அக்கா."

"நான் உன்ன மன்னிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. மன்னிச்சா தெய்வானை வரப்போறதில்ல." ராக்கம்மாள் எழுந்து, மாதிரியின் மேல்விளிம்பில், மலை சட்டென்று முடிந்து வெறும் பலகை தெரிகிற இடத்தில் விரலை வைத்தாள். "இங்க மேல இருந்ததையும் செய்யி. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி. ஒண்ணையும் விடாத."

லைனைக் கட்டப் பதினாலு நாள் எடுத்தவளுக்கு விடுதியைக் கட்ட இரண்டு நாள் போதுமாக இருந்தது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவள் கைக்கே எல்லாம் தெரிந்திருந்தது. மூன்று மாடியும், கண்ணாடி வராந்தாவும், நீச்சல் குளமும் தானாக எழுந்து நின்றன. போன தடவை செய்யாதவற்றையும், சரிவில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, இந்தத் தடவை செய்தாள். செங்குத்தாக வெட்டிவிட்ட செம்மண் சரிவு, அதைத் தாங்கச் சுவர் எழுப்பாமல் விட்ட இடம், குளத்துத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் சேர்த்து ஏழாம் லைனுக்கு நேர் மேலே கொண்டுவந்து விட்ட குழாய். குழாயின் வாயை வரைந்து கறுப்பு பூசினாள்.

மாதிரியில் ஞாயிறு வந்த அன்று வெளியே செவ்வாய்க்கிழமை. கொழுந்தெடுக்க ஒருவரும் போகவில்லை. பிழைத்தவர்கள் அத்தனை பேரும் கொட்டகைக்குள் சுவரோரமாக நின்றார்கள். வெளியே போயிருந்த மாரிதாசும் வந்தான். செபமாலை கடைசியாக வந்து, எல்லாருக்கும் பின்னால் நின்றார்.

ஒரு மணிக்கு வெயில் விழுந்தது. முதலில் விடுதிமேல். குளத்தங்கரையில் குடைகளின் நிழலும், கையைத் தூக்கி மலையைப் படம் பிடிக்கிறவர்களின் நிழலும் தெரிந்தன. பிறகு லைனின்மேல் விழுந்தது, காலி வாசல்கள் பளிச்சென்றன. அப்புறம் பாதையின் முனையில் ஒரு தனி மனிதனின் நிழல் வந்து நின்று, குனிந்து மண்ணைத் தொட்டு, நிமிர்ந்து, கையை உயரே தூக்கி ஆட்டியது. ஒரு தடவை அல்ல. பல தடவை ஆட்டியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து, "நான்தான்" என்றார் செபமாலை.

"தெரியும்" என்றாள் ராக்கம்மாள், மாதிரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பள்ளிக்கூடத்துல இருந்து பார்த்தவங்களுக்கு எல்லாம் தெரியும். போகலாமாம்மான்னு தெய்வானை என்னைத்தான் கேட்டா. நான் பாத்திரம் கழுவிக்கிட்டே தலைய ஆட்டினேன். பள்ளிக்கூடத்த இந்தம்மா செய்யல, அதனால நான் தலையாட்டினது இங்க விழாம தப்பிச்சேன்."

அதற்குள் நிழல்கள் மூட்டையும் முடிச்சுமாக வந்து சேர்ந்துவிட்டன. மூன்று நாள் மழையில் நனைந்ததையெல்லாம் எடுத்துக் கொடியிலும் கூரையிலும் போட்டன. ரோஸ்லினின் நிழல் போர்வை ஒன்றை மூன்று தடவை உதறியது, தூக்க முடியாமல் தூக்கிப் போட்டது, பக்கத்திலிருந்த சின்ன நிழலின் தலையில் ஒரு தட்டு தட்டியது. புகைபோக்கிகளில் புகையின் நிழல் எழுந்தது. மாரிதாசின் மனைவி இரண்டு மணிக்குப் பின்வாசல் படிக்கு வந்து உட்கார்ந்தாள். அவன் மாதிரியின் அருகே போய்த் தரையில் அவளோடு உட்கார்ந்திருந்தான். அன்று மூன்று மணி ஆகியும் அவள் எழவில்லை.

மூன்று இருபதுக்கு விடுதியின் அடியிலிருந்து ஒரு பெரிய நிழல் புறப்பட்டது. சத்தம் இல்லை. தேயிலைச் சக்கையில் ஒரு பொடிகூட நகரவில்லை, ஈயத்தாள் கூரை ஒன்றுகூட அசையவில்லை. கட்டிலில் கம்பளி விரிக்கிறதுபோல அந்த நிழல் மேலிருந்து கீழே வந்து, கொடியை மூடி, குழாயடியை மூடி, பதினான்கு வாசலையும் மூடி, பாதையின் முனையில் வந்து நின்றது. அதோடு மாதிரியின்மேலிருந்த வெயில் போய்விட்டது. பிறகு அங்கே எந்த நிழலும் வரவில்லை, அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை லாரியோடு வந்த எழுத்தர் நவநீதன், மேலே புதிதாக முளைத்திருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், பாதிக்கப்பட்ட பகுதி மட்டும்தான் ஆணையத்தோட வரம்பு. இது வரம்புக்குள்ள வராது. எடுத்துருங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

"எனக்குச் சொந்த விரோதம் ஒண்ணும் இல்ல மேடம்."

ராக்கம்மாளும் பெண்களும் லாரியை மறித்து முன்னால் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் போலீஸ் வந்து அவர்களை எழுப்பியது. நவநீதன் இரண்டு ஆட்களை விட்டு, இரும்பறுக்கும் பிளேடால், லைன் வீடுகளுக்கு மேலே நேர்கோடாக அறுத்து, விடுதியைத் தனியாக எடுத்துக் கொட்டகை மூலையில் வைத்துவிட்டு, மீதியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மாதிரி சொல்லாது என்று ஆனபிறகு வாயால்தான் சொல்ல வேண்டும். மறு வாரம் தாலுகா ஊரின் பயணியர் மாளிகையில் ஆணையம் கூடியபோது, பிலோமினா அழைப்பில்லாமலே போய் நின்றாள். அங்கே போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பின் இருக்கையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு செபமாலை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அன்றைக்குச் சாட்சி சொன்னவர்கள் பதினொரு பேர். விடுதிக்காரர்கள் மழையைச் சொன்னார்கள், எஸ்டேட்காரர்கள் விடுதியைச் சொன்னார்கள், அனுமதி கொடுத்தவர்கள் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களைச் சொன்னார்கள். செபமாலை எழுந்து, "நான்தான் கையக் காட்டிக் கூப்பிட்டேன் ஐயா" என்றார். பிலோமினா எழுந்து, "அவங்க வீடு இருந்த இடத்துல நான்தான் மரம் வச்சேன்" என்றாள். நீதிபதி இருவரையும் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். மின்விசிறி சுற்றியது, நவநீதனின் பேனா ஓடியது.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கையில் செபமாலை கேட்டார். "நாம சொன்னத எழுதினாங்களாம்மா?"

பிலோமினா முன்வரிசையில் எழுத்தரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வரைபடங்களை எந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்துப் பழகியவள், தலைகீழாக இருந்தாலும் எழுத்து அவளுக்குப் புரியும்.

"எழுதினாங்க அண்ணே."

"என்னன்னு?"

"சாட்சிகள் இருவரும் துக்கம் தாளாமல் அழுததால், விசாரணை மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டதுன்னு."

"நாம அழவே இல்லையேம்மா" என்றார் செபமாலை. சொல்லிவிட்டு, நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஐப்பசியிலிருந்து அன்றுவரை அழாத அந்த மனிதர் அழ ஆரம்பித்தார்.